விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் அப்டேட் ஒருமுறை ஏறாமல் நின்றுவிட்டால், சேலத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் எழும் முதல் யோசனை "ஃபார்மேட் போட்டுவிடலாம்" என்பதுதான். ஆனால் தோற்றுப்போன அப்டேட், செய்த மாற்றங்களைப் பெரும்பாலும் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு, கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. கோப்புகள் தொலைவதும் கணினி எழாமல் போவதும் அநேகமாக அதன்பின் அவசரப்பட்டுச் செய்யப்படும் பழுதுபார்ப்பினால்தான்.

அப்டேட் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கவனிக்காமல் விடுவதே மற்றத் தவறுகளுக்கெல்லாம் தாய். பதிவிறக்கும்போது நின்றால் இணைப்பையும் தேதியையும், நிறுவும்போது நின்றால் வட்டின் இடத்தையும் அமைப்புக் கோப்புகளையும், மறுதொடக்கத்துக்குப் பின் "மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன" என்று வந்தால் டிரைவர்களையும் (கருவிகளை இயக்கும் நிரல்கள்) வெளியிலிருந்து செருகிய கருவிகளையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் இருக்கும் அப்டேட் வரலாற்றில், தோற்ற ஒவ்வொன்றின் அருகிலும் பிழை எண் கிடைக்கும். அது 80070070 என்று முடிந்தால் வட்டில் இடமில்லை. 80070020 என்று முடிந்தால் வேறொரு நிரல், பெரும்பாலும் வைரஸ் தடுப்பு நிரல், தேவையான கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. 80073712 என்று முடிந்தால் விண்டோஸின் சொந்தக் கோப்புக் களஞ்சியம் சிதைந்திருக்கிறது. மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு என்பதால், எண்ணைப் பார்க்காமல் கைவைத்தியம் தொடங்குவதில் பயனில்லை.

பிழை எண்ணைப் படிக்காததால் வீண் வேலை நடந்ததற்கு 2024 ஜனவரி நல்ல எடுத்துக்காட்டு. அம்மாதம் விண்டோஸ் 10 கணினிகளுக்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், 80070643 என்று முடியும் பிழையோடு ஏராளமான இடங்களில் நின்றது. சி டிரைவில் எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை; மீட்புப் பகுதி எனப்படும், வழக்கமாகக் கண்ணில் படாத சிறிய பிரிவில் 250 எம்பி காலியிடம் இல்லாததே காரணம். அப்பிரிவைப் பெரிதாக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. கணினியில் பயனர் செய்த கோளாறு எதுவும் இல்லை.

இட நெருக்கடி வந்தவுடன் கண்ணில் பட்ட கோப்புறைகளை அழிப்பது அடுத்த தவறு. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும், மேலே சொன்ன களஞ்சியமான வின்எஸ்எக்ஸ்எஸ் பல ஜிபி அளவுக்குத் தெரிவதால் அதை அழிக்கத் தோன்றும். அழித்தால் அதன்பின் எந்த அப்டேட்டும் ஏறாது. முந்தைய பதிப்பு சேமிக்கப்பட்டிருக்கும் விண்டோஸ்.ஓல்டு கோப்புறையை அழித்தால், புதிய பதிப்பு ஒத்துவராதபோது 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பு போய்விடும். டவுன்லோட்ஸிலும் டெஸ்க்டாப்பிலும் குவிந்து கிடக்கும் வாட்ஸ்அப் வீடியோக்களையும் திருமண அழைப்பிதழ் வடிவமைப்புகளையும் வேறு டிரைவுக்கு மாற்றினாலே பெரும்பாலும் போதுமான இடம் கிடைத்துவிடும். பெரிய பதிப்பு அப்டேட்டுக்கு 20 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்வது நல்லது.

இறக்கிய அப்டேட் கோப்புகள் தங்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறையை அழிக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பாதியில் இறங்கிய கோப்பு கெட்டிருந்தால் இந்த முறை உண்மையிலேயே பலன் தரும். ஆயினும் விண்டோஸ் அப்டேட் சேவையையும் பின்னணியில் கோப்பை இறக்கும் பிட்ஸ் சேவையையும் நிறுத்திவிட்டு, கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுவதே முறை. விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், அப்டேட் ஏறியபின் பழையதை நீக்கிவிடலாம். அதேபோல் அமைப்புக் கோப்புகள் சிதைந்திருக்கையில், அவற்றைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி கட்டளையை மட்டும் மீண்டும் மீண்டும் ஓட்டுவதும் வீண். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுக்கும் களஞ்சியமே கெட்டிருந்தால் அது எங்கிருந்து எடுக்கும்? முதலில் டிஸ்ம் கட்டளையின் ரீஸ்டோர்ஹெல்த் தெரிவைக் கொண்டு களஞ்சியத்தைச் சீராக்கி, அதன்பின் எஸ்எஃப்சியை ஓட்ட வேண்டும். டிஸ்ம் நகராமல் நிற்பதுபோல் சில நேரம் தோன்றும், பொறுத்திருக்க வேண்டும்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் மின்சாரம் பற்றிய எச்சரிக்கை தனியாகத் தேவைப்படுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் "30 சதவீதம்" என்ற எழுத்து நெடுநேரம் அசையாமல் நிற்பது இயல்பு. டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை வேலை நடக்கிறது என்றே கொள்ள வேண்டும். பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்குவது ஒரு தவறு என்றால், பேட்டரி தேய்ந்துபோன யுபிஎஸ்ஸை நம்பி, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வந்த நாளில் அப்டேட்டைத் தொடங்குவது இன்னொரு தவறு. ஏற்காட்டில் கோடை மழை இடியும் மின்னலுமாக வரும் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களுக்கும் இது பொருந்தும். மின்சாரம் ஒருமுறை போனால் விண்டோஸ் தன்னைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ள முயலும். அந்த முயற்சியின் நடுவிலும் மின்சாரம் போனால்தான் கணினி எழாமலே போகும் அபாயம் மிகுதி.

மலையில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்போர் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: அந்த இணைப்பு செட்டிங்ஸில் அளவிடப்பட்ட இணைப்பு (மீட்டர்டு, அதாவது டேட்டாவை மிச்சப்படுத்த வேண்டிய இணைப்பு) என்று குறிக்கப்பட்டிருந்தால், பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்குவதில்லை. இதைப் பழுது என்று எண்ணிக் கணினியைக் கீழே சேலத்துக்குத் தூக்கி வருவது தேவையற்ற அலைச்சல். எஸ்டேட் அலுவலகத்திலோ விடுதியிலோ பல கணினிகள் இருந்தால், ஒன்று இறக்கிய கோப்பை மற்றவை உள்வலையமைப்பிலேயே பெற்றுக்கொள்ளும் டெலிவரி ஆப்டிமைசேஷன் வசதியை இயக்கலாம், டேட்டா மிச்சமாகும்.

பழைய கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தாலும் அப்டேட் இறங்காது, ஏனெனில் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். பிரவுசரும் இணைப்பு பாதுகாப்பற்றது என்று சொன்னால் சந்தேகம் உறுதியாகும். கணினி அணைந்திருக்கும்போதும் தேதியைக் காக்கும், தாய்ப்பலகையில் இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்வதே தீர்வு.

இரவில் கடையைச் சாத்தும்போது ஷட் டவுன் கொடுத்து மெயின் ஸ்விட்சை அணைக்கும் பழக்கமும் அப்டேட்டைத் தேங்கவைக்கும். விரைவாக எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் அன்று, ரீஸ்டார்ட்தான் முழுமையானது. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி இரவு 10.30 அல்லது 11.30 மணிக்கு வெளியாகிறது. அதாவது 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில். மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1 எனும் ஜிஎஸ்டி விற்பனை அறிக்கையைத் தாக்கல் செய்வோருக்கு 11ஆம் தேதி கெடு என்பதால், கணக்கு வேலை முடியும்வரை அப்டேட்டைச் சில நாட்கள் நிறுத்தி வைப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் தவறு.

எல்லாம் பொய்த்தபின்னும் ஃபார்மேட் கடைசி வழியே. டேலி கணக்கு நிரலின் தரவு பல கணினிகளில் சி டிரைவிலேயே இருக்கும். அச்சகங்களில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்களும், கணக்காளரின் டிஜிட்டல் கையொப்பக் கருவிக்கான டிரைவரும் அங்கேதான். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று சென்றால், நிரல்களையும் கோப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவும் வசதி இருக்கிறது. அதை முயலாமல் ஃபார்மேட்டுக்குப் போவோர், அரை நாள் வேலையை மிச்சப்படுத்தி அரை ஆண்டுக் கணக்கை இழக்கிறார்கள்.

விண்டோஸ் 10 பயன்படுத்துவோருக்கு அப்டேட் வராமல் இருப்பது பழுதாகவே இல்லாமலிருக்கலாம். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிக்கு அதன்பின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் வராது. விண்டோஸ் 11 ஏறாது என்று கேட்டவுடன் புதுக் கணினி வாங்கிவிடாமல், மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் நிரலைக் கொண்டு காரணத்தைப் பார்க்க வேண்டும். டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு இல்லை என்று அது சொன்னால், பல கணினிகளில் அந்தச் சில்லு இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இயக்கினால் போதும். ஆனால் பயாஸில் கைவைக்கும் முன், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியை அந்தக் கணினிக்கு வெளியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றத்துக்குப் பின் கணினி அதைக் கேட்கக்கூடும், சாவி இல்லையேல் வட்டில் இருப்பதைப் பழுதுபார்ப்பவராலும் திறக்க இயலாது.