பி.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ்: பற்று வரவில் தொடங்கிப் படிக்கும் முறை

பி.காம். பட்டத்தில் ‘அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ்’ பிரிவு மூன்று ஆண்டு, ஆறு பருவம். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சுருக்கமாக ‘ஏ அண்ட் எஃப்’ என்பார்கள். நிதிநிலைக் கணக்கியல், கூட்டாண்மை, நிறுமக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கியல், நிதி மேலாண்மை, வருமான வரி, தணிக்கை என்று பாடங்கள் வரிசையாக வரும். இவற்றில் பாதிக்கு மேல் முதல் பருவத்தில் கற்ற குறிப்பேட்டுப் பதிவின் (ஜர்னல் என்ட்ரி) மேல்தான் நிற்கின்றன. பின்னால் பங்கு ஒறுப்பிழப்புக் (ஷேர் ஃபார்ஃபீச்சர்) கணக்கு வரவில்லை என்று தவிக்கிறவருக்கு, பெரும்பாலும் வராதது பற்று வரவுதான் (டெபிட், கிரெடிட்). ஆகவே இங்கே அதிக இடம் முதல் பருவத்துக்கு.

வரவு என்ற சொல் செய்யும் குழப்பம்

வீட்டு வரவு செலவு நோட்டில் கையில் பணம் வந்தால் அது வரவு. கணக்கியலில் ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று. தமிழில் யோசிக்கிற மாணவர் முதல் வாரத்திலேயே தடுமாறும் இடம் இது. புத்தகங்கள் இதை எடுத்துச் சொல்வது குறைவு. போதாததற்குச் சம்பளம் விழுந்ததும் பேங்கிலிருந்து ‘கிரெடிட்’ என்று எஸ்எம்எஸ் வருகிறது. அது வங்கி தன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது. உங்கள் பணம் அவர்களுக்குக் கடன். கடன் கூடினால் அவர்கள் ஏட்டில் வரவு. அதே தொகை உங்கள் ஏட்டில் வங்கிக் கணக்கின் பற்று. இந்த ஒரு விஷயம் தெளிவானால் நம் ஏட்டையும் வங்கி ஏட்டையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலில் கூட்டுவதா கழிப்பதா என்ற திண்டாட்டம் பெருமளவு தீரும்.

ஆள்சார், சொத்துசார், பெயரளவு என்று பள்ளியில் படித்த மூன்று விதிகள் தவறில்லை. ஆனால் பத்திர முனைமம் (செக்யூரிட்டீஸ் பிரீமியம்), ஒத்திவைத்த வரி (டிஃபர்ட் டாக்ஸ்) போன்றவை வரும்போது எது எந்த வகை என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். கல்லூரிக்கு இந்த ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள்: சொத்தும் செலவும் கூடினால் பற்று, பொறுப்பும் முதலும் வருமானமும் கூடினால் வரவு, குறைந்தால் அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டு முறைகளையும் கலந்து பயன்படுத்தினால் தேர்வு அறையில் கை நின்றுவிடும்.

பயிற்சி இப்படி: முதல் இரண்டு வாரம் தினமும் 30 நடவடிக்கை. ஒவ்வொன்றுக்கும் பதிவு எழுதுமுன் மூன்று விஷயத்தை எழுதுங்கள்: எந்த இரண்டு கணக்கு, அவை எந்த வகை, கூடுகிறதா குறைகிறதா. துணிக்கடைக்காரர் கடனுக்கு ₹12,000-க்கு நாற்காலி வாங்கினால் அறைகலன் (ஃபர்னிச்சர்) கணக்கு பற்று, விற்றவர் கணக்கு வரவு. அதே நாற்காலியை நாற்காலி வியாபாரி விற்பதற்காக வாங்கினால் கொள்முதல் கணக்கு பற்று. ‘வாங்கினார்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கொள்முதல் என்று எழுதும் பழக்கம் இப்படித்தான் விடும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள்

பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்களுக்குக் கல்லூரியில் பாடம் மாறுவதில்லை, பெயர்தான் மாறுகிறது. இரண்டு பத்தி நோட்டு ஒன்று போடுங்கள். குறிப்பேடு – ஜர்னல், பேரேடு – லெட்ஜர், இருப்பாய்வு – டிரையல் பேலன்ஸ், அனாமத்து – சஸ்பென்ஸ், கடனாளி – டெட்டர், கடனீந்தோர் – கிரெடிட்டர், ஒதுக்கு – புரொவிஷன், காப்பு – ரிசர்வ். வாரத்துக்கு 15 சொல் சேர்த்தால் ஒரு பருவத்துக்குள் தேவையானது பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். கடைசி இரண்டைச் சேர்த்தே படியுங்கள்: ஒதுக்கு என்பது எதிர்பார்க்கும் நட்டத்துக்கு லாபம் காணும் முன்பே கழிப்பது, காப்பு என்பது கண்ட லாபத்திலிருந்து எடுத்து வைப்பது. இரண்டும் பக்கத்திலேயே இருந்தாலும் ஒன்றல்ல. இடம் மாறினால் லாபமே மாறும்.

இருப்பாய்வு சேரவில்லையா?

இருப்பாய்வின் பற்றுப் பக்கக் கூட்டுத்தொகையும் வரவுப் பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாக வரவில்லையென்றால், வித்தியாசத்தை உடனே அனாமத்துக் கணக்கில் போட்டு மூடாதீர்கள். வித்தியாசத் தொகையே பல சமயம் பிழை எங்கே என்று காட்டிக்கொடுக்கும். முதலில் இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாகக் கூட்டுங்கள். மேலிருந்து கீழாகவே திரும்பக் கூட்டினால் கண் அதே பிழையைத் திரும்பச் செய்யும். அடுத்து, வித்தியாசத் தொகை அப்படியே குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பக்கத்தைப் பேரேட்டில் எடுத்தெழுதாமல் விட்டிருப்பீர்கள். இல்லையென்றால் அதைப் பாதியாக்குங்கள். வித்தியாசம் ₹3,600 என்றால் ₹1,800-ஐத் தேடுங்கள். பற்றில் எழுத வேண்டியது வரவில் போயிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் தெரியும்.

அதுவும் இல்லையென்றால் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 4,530 என்பதை 4,350 என்று எழுதினால் வித்தியாசம் 180. 9-ஆல் வகுத்தால் 20. ஏன் 9? பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும்போது ஒன்று பத்து மடங்காகிறது, மற்றது பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே எப்போதும் அவற்றின் வித்தியாசத்தின் ஒன்பது மடங்குதான் மாறும். இங்கே 5-க்கும் 3-க்கும் வித்தியாசம் 2; பத்தாம் இடத்தில் நடந்ததால் 2 × 9 × 10 = 180. பூஜ்யம் விட்டுப்போனாலும் இதே கதைதான்: 1,200-ஐ 120 என்று எழுதினால் 1,080, அதுவும் 9-ஆல் வகுபடும்.

சேர்ந்துவிட்டதாலேயே கணக்கு சரி என்று நம்பவும் கூடாது. இயந்திரம் பழுதுபார்த்த செலவை இயந்திரக் கணக்கிலேயே ஏற்றினால் இருப்பாய்வு அழகாகச் சேரும். லாபமும் சொத்தும் இரண்டுமே கூடுதலாகக் காட்டும். தணிக்கைப் பாடத்தில் இதே விதிப்பிழை (எரர் ஆஃப் பிரின்சிபிள்) திரும்ப வரும்.

இறுதிக் கணக்கு: சரிக்கட்டுதல்கள்

இருப்பாய்வுக்குள் இருக்கும் தொகைக்கு ஒரே இடம். கீழே தனியாகக் கொடுத்திருக்கும் சரிக்கட்டுதலுக்கு (அட்ஜஸ்ட்மென்ட்) இரண்டு இடம். கேள்வித்தாளில் ஒவ்வொரு சரிக்கட்டுதல் பக்கத்திலும் இரண்டு சிறு கட்டம் வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் எழுதியதும் டிக் போடுங்கள். ஐந்தொகை (இருப்புநிலைக் குறிப்பு, பேலன்ஸ் ஷீட்) சேராமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஒரு கட்டம் காலியாக இருப்பதுதான்.

அதிகம் சறுக்குவது வாராக்கடனில். இருப்பாய்வில் கடனாளிகள் ₹50,000, வாராக்கடன் ₹800, பழைய ஒதுக்கு ₹1,500. சரிக்கட்டுதல்: மேலும் ₹2,000 வாராக்கடன், ஐயக்கடனுக்கு 5% ஒதுக்கு. முதலில் 2,000-ஐக் கழித்துவிட்டு 48,000-க்குத்தான் 5% போட வேண்டும்: ₹2,400. லாப நட்டக் கணக்கில் 800 + 2,000 + 2,400 − 1,500 = ₹3,700. இருப்புநிலைக் குறிப்பில் 50,000 − 2,000 − 2,400 = ₹45,600. இருப்பாய்வில் உள்ள 800-ஐ இங்கே மறுபடியும் கழித்துவிடுகிறார்கள். அது கடனாளிகளில் ஏற்கெனவே குறைந்துவிட்டது.

படிக்கும் விதம்

தீர்வைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு, வெள்ளைத்தாளில் போடுவது வேறு. புத்தகத்துத் தீர்வை மூடிவிட்டுப் போடுங்கள். சிக்கினால் ஒரு வரி மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மூடுங்கள். அதே கணக்கை மூன்று நாள் கழித்து ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை. புதிதாக நூறு கணக்கு பார்ப்பதைவிட இருபதை மூன்று முறை போடுவது நிற்கும். தவறிய இடங்களைத் தனி நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் அந்த நோட்டு போதும்.

12 இலக்க மேசைக் கால்குலேட்டர் வாங்கி, எம் பிளஸ், எம்ஆர் என்ற நினைவகப் பொத்தான்களைப் பழக்கப்படுத்துங்கள். போனில் கணக்கிட்டுப் பழகிய விரல் தேர்வறையில் மெதுவாகிவிடும்.

நிதிப் பாடங்கள்

நிதி மேலாண்மையில் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறவர்கள் முடிவு எழுதும்போது திணறுவார்கள். ஒரு சிறு கணக்கு: இன்று ₹1,00,000 முதலீடு, மூன்று ஆண்டு, ஆண்டுக்கு ₹40,000 பணம் வரும், மூலதனத்தின் அடக்கவிலை (காஸ்ட் ஆஃப் கேபிடல்) 10%. போட்ட முதல் திரும்பும் காலம் (பேபேக்) இரண்டரை ஆண்டு, நல்ல திட்டம் போலத் தெரிகிறது. ஒவ்வோர் ஆண்டுக் கடைசியில் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பைச் சொல்லும் தள்ளுபடிக் காரணிகள் 0.909, 0.826, 0.751, கூட்டினால் 2.486. 40,000-ஆல் பெருக்கினால் ₹99,440. நிகர இன்றைய மதிப்பு ₹560 குறைவு. திட்டத்தை ஏற்கக் கூடாது. இரண்டு முறையும் வேறு வேறு பதில் தருவது ஏன் என்று சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத முடிந்தால் அந்த அலகு முடிந்தது. காரணம் எளியது: திரும்பும் காலக் கணக்கு, மூன்றாம் ஆண்டு ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒரே மதிப்பாக எண்ணுகிறது.

வரிப் புத்தகம் மட்டும் புதிதாக வாங்குங்கள்

கணக்கியல் புத்தகம் சீனியரிடமிருந்து வாங்கினாலும் ஓடும். வருமான வரிக்கு ஓடாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக்குப் பதில் ‘வரி ஆண்டு’ வந்துவிட்டது. 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டம்தான். உங்கள் பருவத் தேர்வு எந்தச் சட்டப்படி என்று துறைப் பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு பிறகு படியுங்கள்.

கூடவே என்ன செய்யலாம்

சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) எண்ணம் இருந்தால் இரண்டு வழி. பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலைத் தேர்வு: நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம். அல்லது பி.காமில் 55 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்து நேரே அடுத்த நிலையான இன்டர்மீடியட். இரண்டாவது வழியை நம்புகிறவர்கள் முதல் பருவத்திலிருந்தே சதவீதத்தைக் காக்க வேண்டும்.

டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பழகுங்கள், ஆனால் பதிவு கையால் வந்த பிறகு. ரசீதுக்கு எஃப்6, செலுத்தலுக்கு எஃப்5, ஜர்னலுக்கு எஃப்7 என்பது ஒரே நாளில் வரும். எந்தக் கணக்கைப் பற்று வைப்பது என்பதை மென்பொருள் சொல்லித் தராது. நிறுமக் கணக்கு தொடங்கும் பருவத்தில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார் போன்ற ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்திலிருந்து இறக்கி, 2013 நிறுமச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைத் தலைப்புகளை அதில் விரல் வைத்துத் தேடுங்கள். மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது.

தேர்வறையில்

மூன்று மணி நேரம், 75 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம்; 10 மதிப்பெண் கணக்குக்கு 24 நிமிடம். துணைக் கணக்கீடுகளைப் பென்சிலில் கிறுக்காமல், விடையின் அடியில் தலைப்பிட்டு எழுதுங்கள். விடை தவறினாலும் திருத்துகிறவர் படிக்கு மதிப்பெண் போட இடம் வேண்டும். ஐந்தொகை சேரவில்லையென்றால் வித்தியாசத்தையும் அதன் பாதியையும் சரிக்கட்டுதல்களில் தேடுங்கள், காலிக் கட்டங்களைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அரைப்பக்கம் இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.