ஒரு கிராம் ஊசி மருந்து 24 மணி நேரத்தில் எங்கே போகிறது? தாளில் போட்டுப் பார்க்கலாம்

காலை 8 மணிக்கு ஊசி போட்டுவிட்டு "அடுத்தது நாளைக்கு இதே நேரம்தான்" என்று நர்ஸ் சொன்னால், குப்பிக்குள் இருந்தது செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்காக (பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் மருந்து) இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நாளுக்கு ஒன்றே எப்படிப் போதும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிராமை அரை மணி நேரத்தில் நரம்பில் ஏற்றினால், முடிக்கும்போது ஒரு மில்லி பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) சுமார் 151 மைக்ரோகிராம் இருக்கும். 2 மணி நேரத்தில் 88, 4-இல் 67, 8-இல் 43, 12-இல் 28, 16-இல் 18, 24-இல் 9. (இடுப்பில் போட்டாலும் முழுக்க ரத்தத்துக்கு வந்துவிடும், உச்சத்தைத் தொடத்தான் 2, 3 மணி நேரம் ஆகும். வலி தெரியாமலிருக்க லிடோகெயினில் கரைத்த மருந்து இடுப்புக்கு மட்டும்தான், நரம்பில் போகவே கூடாது.)

இப்போது எவ்வளவு நேரத்தில் பாதியாகிறது என்று பாருங்கள். பலரும் 151-இல் ஆரம்பித்துத் தப்பு விடுவார்கள். முதலில் சரசரவென்று இறங்குவதில் பெரும்பங்கு மருந்து வெளியேறுவதால் அல்ல, ரத்தத்திலிருந்து திசுக்களுக்குப் பரவுவதால். அதனால் ஊசி போட்டு 8 மணி நேரம் ஆனபோது இருந்த அளவிலிருந்து எடுங்கள்: 43-இல் பாதி 21 சொச்சம், அது 14 மணி நேரம் கடந்ததும் வரும். ஆக, பாதியாக ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆரோக்கியமானவர்களிடம் அளந்ததில் இது 5.8 முதல் 8.7 மணி நேரம் வரை இருக்கிறது.

பென்சிலின் ஜி என்ற பழைய ஆன்டிபயாடிக்குக்கு இதே கணக்கு அரை மணி நேரம்தான். 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளிக்குப் பென்சிலின் கொடுத்தபோது, கையிருப்பு போதாமல் அவருடைய சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள், அவ்வளவு வேகமாக வெளியே ஓடியது!

செஃப்ட்ரியாக்சோன் ஓடாததற்குக் காரணம், 85 முதல் 95 சதவீதம் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான். ஒட்டாமல் இருப்பதை மட்டும்தான் சிறுநீரகம் வடிகட்டும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை அப்படியே சிறுநீரில் போகும், மிச்சம் பித்தத்தோடு குடலுக்கு. இரண்டு வாசல் இருப்பதால் சிறுநீரகம் மட்டும் பழுதான ஒருவருக்குப் பெரும்பாலும் அளவைக் குறைப்பதில்லை. கல்லீரலும் சேர்ந்து கெட்டிருந்தால்தான் கவனம். பித்தப்பையில் இது கால்சியத்தோடு சேர்ந்து படிவதும் உண்டு, ஸ்கேனில் கல் மாதிரி தெரியும், மருந்தை நிறுத்தினால் பொதுவாகக் கரைந்துவிடும். ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் உள்ள டிரிப்போடு இதைக் கலக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

சரி, தாளின் கடைசி எண்ணுக்கு வாருங்கள். 24-ஆம் மணியில் இருக்கும் 9-இல் ஒட்டாத பங்கு (95 சதவீதம் ஒட்டியிருந்தால்) 5 சதவீதம், அதாவது அரை மைக்ரோகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. கிருமியைத் தாக்குவது அதுதான். மருந்துக்கு எளிதில் பணியும் கிருமிக்கு இதுவே போதும், பணியாததற்குப் போதாது. இந்த வகை மருந்துக்கு உச்சம் எவ்வளவு என்பதைவிட, தேவையான அளவுக்கு மேலே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். ஊசி மூன்று மணி நேரம் தள்ளிப்போனால் அந்த 9 கிட்டத்தட்ட 7 ஆகிவிடும், அப்புறம் இன்னும் இறங்கும். தாமதமாகும் என்று தெரிந்ததுமே ஊசி போடும் இடத்துக்குப் போன் செய்து கேளுங்கள், நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள்.