ஃபோர் வீல் மாட்யூல் மாற்றுவது எப்படி? முதன்முறை கை வைப்பவர்களுக்கு

"மாட்யூல் போச்சு அண்ணாச்சி, புதுசுதான் போடணும்." ஃபோர் வீல் பிக்கப் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இதைக் கேட்டே தீருவார்கள். மாட்யூல் என்பது நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீலைப் போடவும் எடுக்கவும் உத்தரவிடும் எலெக்ட்ரானிக் பெட்டி. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலை வேலைக்கு ஓடும் வண்டியாக இருக்கலாம், களக்காட்டுத் தோட்டங்களில் வாழைத்தார் ஏற்றும் வண்டியாக இருக்கலாம். ஸ்விட்சை 4ஹெச்சுக்கு, அதாவது நான்கு சக்கர ஓட்டத்துக்குத் திருப்பினால் மீட்டரில் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் எந்த அசைவும் இருக்காது. உடனே பழி மாட்யூல் மேல் விழும்.

மாட்யூலைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பெரும்பாலும் ஒரு 10 எம்எம் ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். கெட்டது மாட்யூல்தானா என்று உறுதி செய்வதில்தான் முக்கால்வாசி வேலை. இங்கேயும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவரைக் கையால் இழுத்துப் போடும் பழைய வண்டிகளுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் போல, ஸ்விட்சைத் திருப்பி 2ஹெச் (பின் சக்கரங்கள் மட்டும்), 4ஹெச் (நான்கு சக்கரங்களும்), 4எல் (நான்கும், மெதுவாக அதிக இழுவையோடு) மாற்றும் வண்டிகளுக்கே இது.

ஸ்விட்சைத் திருப்பியதும் தகவல் மாட்யூலுக்குப் போகும். வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது, 4எல் கேட்டால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால், கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருந்து முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சின்ன மோட்டாருக்குக் கரண்ட் விடும். மோட்டார் சுற்றி முன் சக்கரங்களுக்கான இணைப்பைப் போடும். விழுந்ததா இல்லையா என்பதைப் பொசிஷன் சென்சார் திரும்ப மாட்யூலுக்குச் சொல்லும். சில வண்டிகளில் முன் ஆக்சிலிலும் இணைப்பைப் போட்டு எடுக்கத் தனியாக ஒரு ஆக்சுவேட்டர் உண்டு. இதில் எது கெட்டாலும் மீட்டரில் நீங்கள் பார்ப்பது அதே சிமிட்டல்தான்.

மாட்யூலைக் குற்றம் சொல்லும் முன்

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். வண்டியை அணைத்து நன்றாக ஓய்ந்தபின் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்தபின் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் மாட்யூல் தாறுமாறாக நடந்துகொள்ளும், அதற்காக மாட்யூலை மாற்றினால் காசுதான் போகும். அடுத்து ஃபியூஸ். வண்டியோடு வந்த புத்தகத்தில் ஃபோர் வீலுக்கு எந்த ஃபியூஸ் என்று இருக்கும். போயிருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். அதுவும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், வயர் எரியும்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து வயரைப் பாருங்கள். நம் பக்கத்தில் இதற்கு மூன்று எதிரிகள். தோட்டத்திலோ குடோனிலோ இரவு நிற்கும் வண்டியில் எலி வயரைக் கடிக்கும். உவரி, இடிந்தகரை பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) பின்களை அரிக்கும். மூன்றாவது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டி, கழுவித் துடைத்தபின் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கப்ளருக்குள் பச்சை பூத்துக்கொண்டிருப்பது வருடக்கணக்கில் வெளியே தெரியாது. பழைய வண்டி வாங்கியவர்கள் இதை முதலில் பாருங்கள். பச்சை தெரிந்தால் எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். பாதிப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடலாம்.

முடியவில்லையா? வண்டியின் கம்ப்யூட்டர்கள் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வையுங்கள். மலிவான புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை (கோளாறைச் சொல்லும் code எண்களை) மட்டுமே படிக்கும். ஃபோர் வீல் மாட்யூலோடு பேசக்கூடிய ஸ்கேனர் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீசியனிடம் இருக்கும். யு0102 என்று கோடு வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்யூலோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். மாட்யூல் செத்துவிட்டது என்று பொருள் அல்ல. அதற்குக் கரண்ட் வராவிட்டாலும் இதே கோடுதான் வரும். எந்தக் கோடு வந்தாலும் அழிக்கும் முன் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

பல்ப் வைத்துச் சோதிப்பது

மாட்யூலின் கப்ளரைக் கழற்றி, வயரிங் படத்தைப் பார்த்துப் பவர் பின்னையும் எர்த் பின்னையும் கண்டுபிடியுங்கள். பலரும் மல்டிமீட்டரை வைத்து "12 வோல்ட் வருதே" என்று திருப்தி அடைந்துவிடுவார்கள். வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். ஆனால் வேலை செய்யும் கரண்ட் அதில் போகாது. அதனால் பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போடுங்கள். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் பவரும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன. மங்கினால், பல்பின் எர்த் பக்கத்தை மட்டும் எடுத்து நேரடியாகப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது வெளிச்சம் கூடினால் எர்த் கெட்டிருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்துப் போட்டால் தீரும் வேலை. பின் துளைக்குள் தடிமனான கம்பியைத் திணிக்காதீர்கள்; துளை அகன்றுபோனால் பிறகு பிடிக்காது.

அடுத்தது மோட்டார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். 4எல்லுக்கு மாறும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலைக் கடந்து போகலாம். அந்த நேரத்தில் வண்டி கியரில் நின்றாலும் உருளும். கப்ளரை மாட்டி, சாவியை ஆன் செய்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்விட்சைத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் மோட்டாரின் இரண்டு தடித்த வயர்களில் மீட்டரை வையுங்கள். மெல்லிய வயர்கள் சென்சாருக்கானவை, அவற்றில் நேரடிக் கரண்ட் கொடுத்துவிடாதீர்கள். திருப்பிய சில நொடிகளுக்கு 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றாவிட்டால், கெட்டது மோட்டார் அல்லது உள்ளே இறுகியிருக்கும் ஷாஃப்ட். வோல்ட்டேஜே வரவில்லை, பவர், எர்த், ஸ்விட்ச், சென்சார், இடையில் உள்ள வயர் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றால்தான் மாட்யூல் மேல் கை வைக்கலாம்.

மாட்யூல் வாங்குவது

பழைய மாட்யூலின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வாங்காதீர்கள். காயலான் கடையில் கிடைப்பது மலிவுதான், ஆனால் சில வண்டிகளில் பழைய வண்டியின் விவரங்கள் அதிலேயே பதிந்திருக்கும், இன்னொரு வண்டியில் ஏற்காது. புதியதிலும் பல மாடல்களில் வண்டியின் சேஸிஸ் எண்ணை ஏற்றி கோடிங் செய்ய வேண்டும். இதைச் செய்துதரும் ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டுக் காசு கொடுங்கள். என்னைக் கேட்டால், அந்த வசதி இல்லாத கடையில் மலிவாக வாங்குவதைவிட, கோடிங்கோடு சேர்த்துக் கூடுதலாகக் கொடுப்பது மேல்.

மாற்றுவது

இனி சுலபம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கால் மணி நேரம் காத்திருங்கள். டேஷ்போர்டு பக்கம் ஏர்பேக் வயர்களும் ஓடுகின்றன. மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் தொடாதீர்கள். மாட்யூல் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். டேஷ்போர்டுக்குள், கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால், சீட்டுக்கு அடியில் எனப் பலவிதம். சர்வீஸ் புத்தகம் பார்க்காமல் டிரிம்மைப் பிய்க்க வேண்டாம், கிளிப் உடைந்தால் பிறகு வாழ்நாள் முழுக்கக் கடகடவென்று சத்தம் கேட்கும்.

வெறும் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள ஸ்டாடிக்கை இறக்கிவிட்டு, கப்ளரின் பூட்டை அழுத்தி இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. புதியதைப் பழைய போல்ட்டுகளாலேயே மாட்டி, கப்ளர் டக்கென்று விழும்வரை தள்ளுங்கள். நெகட்டிவைத் திரும்ப மாட்டுங்கள். பவர் விண்டோவும் ரேடியோவும் செட்டிங் மறந்திருக்கலாம், பயப்படாதீர்கள். கோடிங், மோட்டாரின் பொசிஷனை மாட்யூலுக்குக் கற்றுக்கொடுப்பது, பழைய கோடுகளை அழிப்பது எல்லாம் ஸ்கேனரில் இந்த வரிசையில்.

ஓட்டிப் பார்ப்பது

காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் போட்டு நான்குவழிச் சாலையில் பறக்காதீர்கள். இந்த வகை வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். தரை வழுக்காவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் கியர்களில் ஏறும். திசையன்விளை பக்கத்துத் தேரி மணலோ, உழுத வயலோ, ஈரமான மண்பாதையோ தேடுங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

முதலில் 4ஹெச் போட்டு மெதுவாக நேராக ஓட்டுங்கள். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிய வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4எல். கடைசியாக 2ஹெச்சுக்குத் திரும்புங்கள். அப்போது விளக்கு அணையாவிட்டால் உடனே மாட்யூலைத் திட்ட வேண்டாம். முறுக்கு மிச்சம் இருக்கலாம். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் போனால் பெரும்பாலும் விட்டுவிடும்.