பனீர்த் தண்ணீரிலிருந்து லாக்டோபேசில்லஸ் வளர்ப்பு ஊடகம் தயாரித்தல்

லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் எம்.ஆர்.எஸ். ஊடகத்தில், லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 10 கிராம் பெப்டோன் (செரிக்கப்பட்ட புரதம்), 10 கிராம் மாட்டிறைச்சிச் சாறு, 5 கிராம் ஈஸ்ட் சாறு ஆகியவற்றுடன் சில உப்புகளும் சேர்கின்றன. பெப்டோனுக்கும் இறைச்சிச் சாற்றுக்கும் ஆகும் செலவைக் குறைக்க, பனீர் பிரித்தபின் எஞ்சும் தண்ணீர் ஏற்றது. 100 லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 80 லிட்டர் கிடைக்கும் அத்தண்ணீரில் லாக்டோஸ் 4.5 முதல் 5 விழுக்காடு வரை இருப்பதால், சர்க்கரை தனியே வேண்டியதில்லை. ஆனால் பாக்டீரியா எளிதில் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் அதில் குறைவு. எதுவும் சேர்க்காத பனீர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் பாக்டீரியாவை விதைத்தால் வளர்ச்சி மெலிந்தே இருக்கும்.

முதலில் பாக்டீரியாவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் லாக்டோஸை நன்கு பயன்படுத்தும். பெயர்பெற்ற ராம்னோசஸ் ஜி.ஜி. வகைக்கு அத்திறன் இல்லை.

அன்றே கிடைத்த, உப்புச் சேராத தண்ணீரையே எடுக்க வேண்டும். நோய்க்கு மருந்து ஊசி போடப்பட்ட மாட்டின் பால் கலந்திருந்தால், எஞ்சிய ஆன்டிபயாடிக் வளர்ச்சியைத் தடுத்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். அளவை 4.5-க்குக் கொண்டுவந்து, 90 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கி, திரண்ட புரதத்தைத் துணியிலும் பின்னர் வடிதாளிலும் வடிகட்டவும். தெளிந்த நீரில் லிட்டருக்கு 5 கிராம் ஈஸ்ட் சாறு, 0.1 கிராம் மக்னீசியம் சல்பேட், 0.05 கிராம் மாங்கனீசு சல்பேட் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 6.5 ஆக்கவும். மாங்கனீசின் அளவு அற்பம் என்று விட்டுவிடலாகாது. ஆக்சிஜனின் தீங்கிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள பிளான்டாரம் அதையே நம்பியிருக்கிறது.

இந்நிலையில் கால்சியம் பாஸ்பேட் வெண்படிவாக இறங்கினால் மீண்டும் வடிகட்டவும். லிட்டருக்கு 2 கிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட்டைச் சிறிதளவு நீரில் கரைத்துத் தனியாகக் கிருமிநீக்கி, ஊடகம் ஆறியபின் கலந்தால் கலங்கல் குறையும். ஊடகத்தைக் கிருமிநீக்க, ஆட்டோகிளேவில் (உயரழுத்த நீராவிக் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம் போதும். நேரம் நீண்டால் லாக்டோஸும் அமினோ சேர்மங்களும் வினைபுரிந்து ஊடகம் பழுப்பேறும்.

விதைக்காத குடுவை ஒன்றை 37 டிகிரியில் 48 மணிநேரம் வைத்து, தூய்மையை உறுதிசெய்த பின்னரே மற்றவற்றில் 2 விழுக்காடு விதைக்கரைசல் (முன்பே வளர்த்த பாக்டீரியாக் கரைசல்) இடவும். எஞ்சிய கலங்கல் ஒளியடர்த்தி அளவீட்டைப் பிழையாக்கும் என்பதால், அகார் தட்டில் வளரும் பாக்டீரியாக் கூட்டங்களை எண்ணுவதே நம்பகமானது. அதே நாளில் எம்.ஆர்.எஸ். குடுவை ஒன்றையும் வளர்த்து, லிட்டருக்கான செலவை ஒப்பிடாமல், கிடைத்த உயிர்ச்செல்களின் எண்ணிக்கைக்கு ஆன செலவை ஒப்பிட வேண்டும்.