‘ஏதாவது’ என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்தில் நான் வழக்கமாக மாதச் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் ஒரு இளம் அப்பாவைப் பார்த்தேன். இடுப்பில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று. கைப்பிடியில் இருந்தது கையை உருவிக்கொண்டு போய்த் துவரம்பருப்பு மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு அளைந்துகொண்டிருந்தது. இடுப்பில் இருந்தது அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உளுந்துக்குள் எறிந்தது. மனிதர் உளுந்தைத் துழாவிக்கொண்டே, "ரெண்டு பேரும் சமர்த்தா இருங்க, ஏதாவது வாங்கித் தரேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கண்ணாடிக்காக இல்லை, அந்த ‘ஏதாவது’வுக்காக.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகன், ஆறு வயதில் ஒரு மகள். இரண்டு பேரும் நடக்கத் தொடங்கியதிலிருந்து சாமான் வாங்குவது என் பொறுப்பு, அவர்களைக் கூட்டிப்போவதும் என் பொறுப்பு. பசியோடு கூட்டிப் போகாதீர்கள், தூங்குகிற நேரத்தில் போகாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் மாட்டிக்கொண்டு முழித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

மொத்த மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவது

தாராசுரம் மார்க்கெட்டில் காய் மலிவு என்று விடியற்காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். லாரியிலிருந்து இறங்குகிற மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு "வழி, வழி" என்று ஓடி வருகிறவர்களுக்கு முட்டி உயரப் பிள்ளை கண்ணில் படாது. மிச்சப்பட்ட 40 ரூபாய்க்கு நான் பட்ட பயம் ஜாஸ்தி. அதே கணக்குதான் அமாவாசைக்கு முதல் நாளும், ஆடிப்பெருக்குக்கு முதல் நாளும், பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலமும். அந்த நாட்களில் தனியாகப் போய்வாருங்கள்.

காய் பொறுக்கக் கற்றுக்கொடுப்பது

சும்மா நின்றால்தானே வம்பு, ஒரு வேலை கொடுப்போம் என்பது நல்ல யோசனைதான். எந்த வேலை என்பதில்தான் சறுக்கினேன். வெண்டைக்காய் பிஞ்சாக இருந்தால் நுனி பட்டென்று ஒடியும், முற்றல் வளையும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. அந்த ‘பட்’ சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஒரு குவியல் முழுக்க மூக்கறுந்து கிடக்கிறது. காய்காரம்மா என்னைத்தான் பார்த்தார். "ஏந்தம்பி, இத இனிமே நான் யாருக்கு விக்கிறது?" நியாயமான கேள்வி. ஒன்றே முக்கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தோம். பொரியல், மோர்க்குழம்பு, வத்தல், மறுபடி பொரியல் என்று அந்த வாரமே வெண்டைக்காயில் போயிற்று.

எலுமிச்சம்பழம் எண்ணச் சொல்லுங்கள். சின்ன வெங்காயம் பொறுக்கச் சொன்னால் பத்து நிமிஷம் உங்களுக்கு. தேங்காயை நீங்கள் பிடித்து ஆட்டிக் காட்டிவிட்டு, தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று அவர்களைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லலாம், அதில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கௌரவம். தக்காளிப் பக்கமே விடாதீர்கள்.

முட்டை

கடைசியில் வாங்குங்கள். நீங்களே தூக்குங்கள்.

‘ஏதாவது வாங்கித் தரேன்’

இப்போது அந்த இளம் அப்பாவிடம் வருகிறேன். அவர் செய்ததை நான் இரண்டு வருடம் முன்பு, பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது செய்தேன், இன்னும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். பச்சரிசி, வெல்லம், முந்திரி, மஞ்சள் கொத்து, கரும்பு என்று நீண்ட லிஸ்ட். கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. மகள் சிணுங்க ஆரம்பித்தாள். "அழாம வந்தா அப்பா ஏதாவது வாங்கித் தரேன்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் அழுகை நின்றது. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல், சாட்சிக் கூண்டில் நிற்கிறவள் மாதிரி என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் மக்கு மாதிரி, என்ன சமர்த்து என்று பூரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அந்த ஒரு மணி நேரமும் தெரு முழுக்கப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

கும்பகோணம் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர், அதிலும் பொங்கல் சமயத்தில் பாத்திரக் கடை வாசலெல்லாம் பொன்னாக மின்னும். ஒரு கடை முன்னால் நின்று விரலை நீட்டினாள். வெண்கலப் பானை. அவள் உள்ளே உட்கார்ந்தால் கழுத்து வரை மறையும்.

"அது வேணாம்டா செல்லம்."

"நீதானே ஏதாவதுன்னு சொன்னே?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. நாம் ‘ஏதாவது’ என்று சொல்லும்போது நம் மனதில் இருப்பது கைக்கு எட்டுகிற பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்கு அகராதியில் உள்ள அர்த்தம் மட்டும்தான் தெரியும்: எது வேண்டுமானாலும். மறுத்தபோது அவள் போட்ட கூச்சல், அடம் பிடிக்கிற பிள்ளையின் கூச்சலாக இல்லை, ஏமாற்றப்பட்டவளின் கூச்சலாக இருந்தது. பொங்கல் கூட்டம் மொத்தமும் நின்று பார்த்தது. ஒரு பாட்டி வேறு, "குழந்தை கேக்குறத வாங்கிக் குடேன்ப்பா" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு நகர்ந்தார். கடைசியில் பித்தளைச் சொப்புச் சாமான் ஒரு செட், 650 ரூபாய். "அப்ப எனக்கு?" என்றான் அதுவரை அப்பாவியாக நின்ற மகன். அவனும் அழாமல்தானே வந்தான்! அவனுக்கும் 650 கணக்கு எழுதியாயிற்று. அந்த மாத மளிகை பில்லே 4,200 ரூபாய்தான்.

பணம் போனதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். அடுத்த மாதம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டியபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏதாவது இல்லப்பா" என்றாளே, அங்கேதான் விழுந்தது அடி. ‘ஏதாவது’வின் விலை 650 என்று ஆகிவிட்டது. அதோடு, அழாமல் இருப்பது காசுக்கு விற்கிற சரக்கு என்பதும் இரண்டு பேருக்கும் பிடிபட்டுவிட்டது. அழ வேண்டிய அவசியமே இல்லாத நாளில்கூட, "அழட்டுமா?" என்று கிளம்பும்போதே விலை கேட்கிற நிலைமை. நான் ஒரு வழியாக அதைச் சரிக்கட்டிக்கொண்டு வரும்போது என் அம்மா ஒரு நாள் கூட்டிப்போய், சர்வ சாதாரணமாக அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தார். பழையபடி முதலிலிருந்து.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், செருப்பு மாட்டுவதற்கு முன்பே வீட்டில் வைத்துப் பேசி முடித்துவிடுகிறேன். கடலை மிட்டாயா, எள்ளுருண்டையா? இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும், மூன்றாவது கிடையாது. சொன்னதை மளிகை லிஸ்டின் கடைசி வரியில் அவர்கள் கண்ணெதிரே எழுதுகிறேன்: எள்ளுருண்டை – 2. அழுதாலும் அது உண்டு, அழாவிட்டாலும் அது மட்டும்தான். கடைக்காரர் பருப்புக்கும் புளிக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்து அந்த வரிக்கும் டிக் போடுவதை இரண்டும் மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு பார்க்கும். முதல் மூன்று முறை கத்தினார்கள். நான்காவது முறை லிஸ்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

இரண்டு பிள்ளை, இரண்டு நிறம்

கூடாது. எது வாங்கினாலும் இரண்டு பேருக்கும் ஒரே நிறம், ஒரே அளவு.

கையில் காசு கொடுப்பது

படிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் கொடுக்கலாம். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலை வரியும் சேர்த்ததுதான் என்பதால் கணக்கு பார்க்க நல்ல பழக்கம். மகனுக்கு 20 ரூபாய் கொடுத்து, இதற்குள் என்ன வருமோ வாங்கிக்கொள் என்றேன். ஒரு ரூபாய் மிட்டாய் இருபது வாங்கினான். நான் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு சொல்லவில்லையே.

கொசுறு

காய்கறிக் கடையில் வாங்கி முடித்ததும் கொத்து கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தழையும் பையில் விழும், அது கேட்காமலே வருவது. மகன் அதைப் பார்த்து வளர்ந்தவன். சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்ட பிறகு, பக்கத்து அடுக்கிலிருந்த சாக்லேட்டை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, பில் போடுகிற பெண்ணிடம், "அக்கா, இது கொசுறு" என்றான். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து அடுத்த பில்லைத் தப்பாகப் போட்டுவிட்டது. சாக்லேட்டைக் குழந்தைகள் கண்ணுக்கு நேராக, வரிசையில் நிற்கிற இடத்தில் அடுக்குவதே அவர்கள் கை நீட்டட்டும் என்றுதான். இரண்டு பெரியவர்கள் போனால் ஒருவர் வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் பிள்ளைகளோடு வாசலுக்குப் போய்விடுங்கள்.

கைநிறையக் கடலை

இதில் மட்டும் சிரிப்பு கிடையாது. பழகிய கடைக்காரர் பாசத்தில் வறுத்த கடலையோ பொட்டுக்கடலையோ பிள்ளையின் கையில் ஒரு பிடி கொடுப்பார். ஐந்து வயதுக்குள் என்றால் வாங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாயில் போட்டுக்கொண்டு ஓடும்போதோ சிரிக்கும்போதோ அது மூச்சுக்குழாய்க்குள் போகும். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், வெல்லத்தில் ஒரு சின்னத் துண்டு கொடுக்கச் சொல்லுங்கள். என் லிஸ்டிலும் கடலை மிட்டாய் மகளுக்கு ஐந்து வயது முடிந்த பிறகுதான் ஏறியது, அதுவரை எள்ளுருண்டையா, பொரி உருண்டையா என்றுதான் கேட்பேன்.

எண்ணாமல் ஆட்டோவில் ஏறுவது

பிள்ளைகளையும் எண்ணுங்கள், பைகளையும் எண்ணுங்கள். நான் வாய்விட்டே எண்ணுவேன்: பிள்ளை இரண்டு, பை நான்கு. போன மாதம் பிள்ளை இரண்டு, பை ஐந்து வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு கவுளி வெற்றிலை, சீவல், சூடம், யாரோ ஒருவருடைய மாத்திரைச் சீட்டு. "நான்தான் தூக்கினேன், ஹெல்ப் பண்ணினேன்" என்றாள் மகள். ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.