ஏஐ படத்தை வைத்துப் போஸ்டர் செய்வது எப்படி?

வரையத் தெரியாதவர்களும் மனதில் இருப்பதைக் கண்முன் கொண்டுவர ஏஐ கருவிகள் வழி திறந்துவிட்டன. ஆனால் எதைக் கருவியிடம் விடலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

கருவிக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பான பிராம்ப்ட்டில் பொருள், கோணம், வெளிச்சம் வரும் திசை, எழுத்துக்கு விட வேண்டிய காலியிடம் எல்லாம் இருக்கட்டும். 'மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் வானம்' என்று சொன்னால் தலைப்புக்கு இடம் கிடைக்கும். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எந்த மாற்றம் பலித்தது என்று தெரியாது. வாழும் ஓவியரின் பெயரைச் சொல்லி 'அவர் பாணியில்' என்று கேட்காதீர்கள். அது அவருடைய பிழைப்பில் கைவைப்பது.

தமிழ் எழுத்தைப் படத்துக்குள் எழுதச் சொல்லவே வேண்டாம். 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரும். ஃபான்ட்டுக்கு இந்த விதி தெரியும். படம் உருவாக்கும் கருவியோ எழுத்தையும் ஓவியமாகவே வரைவதால், கொம்பு காணாமல் போகலாம், அல்லது புள்ளி இடம் மாறலாம். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் எழுத்தைப் படத்துக்கு மேல் தனி அடுக்காக (லேயர்) வையுங்கள்.

அடுத்து அளவு. ஏ4 தாளில் 300 டிபிஐ தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சிட 2480 × 3508 பிக்சல் தேவை. கருவி தருவது 1024 × 1024 என்றால், அதே தரத்தில் சுமார் 8.7 செ.மீ. சதுரம்தான் வரும். ஏஐ கொண்டு பெரிதாக்கலாம். ஆனால் இல்லாத விவரத்தை அது தானே இட்டு நிரப்பும். பெரிதாக்கியபின் கண், விரல், பல் மூன்றையும் 200 சதவீதத்தில் பாருங்கள். வெட்டும் கோட்டைத் தாண்டி எல்லா ஓரங்களிலும் படத்தை 3 மி.மீ. கூடுதலாக நீட்டாவிட்டால், தாளை வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியலாம்.

'இதைப் போல வரை' என்று கருவிக்கு மாதிரியாகப் புகைப்படம் ஏற்றுவதில்தான் ஆபத்து அதிகம். செல்போன் படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயங்கியிருந்தால் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். அந்த எக்ஸிஃப் தகவலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். மற்றவர் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் கொடுக்காதீர்கள். குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம். உங்கள் படங்களை வைத்து ஏஐயைப் பயிற்றுவிக்க அனுமதிக்கும் 'பயிற்சிக்குப் பயன்படுத்து' என்பது போன்ற தேர்வு கருவியின் அமைப்புகளில் இருந்தால், முதல் படத்தை ஏற்றும் முன்பே அணைத்துவிடுங்கள். பின்னால் அணைத்தால் ஏற்கெனவே போனது திரும்பும் என்று நம்ப முடியாது.

சில கருவிகள், படம் எப்படி உருவானது என்று சொல்லும் சி2பிஏ என்ற சான்றையும் கோப்போடு இணைக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே அது போய்விடும். அதனால் போஸ்டரின் மூலையிலேயே 'ஏஐ உருவாக்கிய படம்' என்று சிறு எழுத்தில் போடுங்கள். பிராம்ப்ட், தேதி, மூலக் கோப்பு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். யாராவது உரிமை கேட்டு வந்தால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்ட அவை வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். திரையில் பளிச்சென்று இருக்கும் நீலமும் பச்சையும் தாளில் மங்கித் தெரியும்.