சப்வூஃபர் பெட்டிக்குள் ஒளிந்திருந்த ஒரு ஓம்

காரில் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பொருத்திய நாளிலிருந்து, சத்தத்தைச் சற்றுக் கூட்டினாலே ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்து பேஸ் ஒலி அடங்கிவிடும்; குறைந்த சத்தத்திலோ மணிக்கணக்கில் பாடும். எர்த் சரியில்லை என்று எண்ணி, அதைத் திருகிய இடத்தில் பெயின்டைச் சுரண்டி மீண்டும் இறுக்கினேன். பிறகு பேட்டரி வயரைத் தடிமனானதாக மாற்றினேன். கெயினையும் (ஆம்ப்ளிஃபையர் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைத்துப் பார்த்தேன். மூன்று நாட்கள் வீணாயின.

நான்காம் நாள் ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, பெட்டியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தபோது மின்தடை 1.2 ஓம் என்று காட்டியது. மீட்டரின் இரு முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தாலே 0.3 காட்டுவதைக் கவனித்து, அதைக் கழித்த பிறகுதான் உண்மையான அளவு 0.9 என்பது தெரிந்தது. காயில் (ஸ்பீக்கரை அதிரவைக்கும் கம்பிச் சுருள்) ஷார்ட் ஆகிவிட்டதோ என்ற பயத்துடன் சப்வூஃபரை வெளியே எடுத்தால், உள்ளே 2 ஓம் வாய்ஸ் காயில்கள் இரண்டு. பெட்டியைச் செய்தவர் அவற்றைப் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்திருந்தார். மொத்தம் 1 ஓம். என் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையருக்கோ பிரிட்ஜ் இணைப்பில் (இரு சேனல்களும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை இயக்கும் முறை) 4 ஓமுக்குக் குறையக் கூடாது; குறைந்தால் சத்தம் கூடும்போது மின்னோட்டம் மிகுந்து, அது தன்னைக் காத்துக்கொள்ள அடங்கிவிடும்.

இரண்டும் கூடி 4 ஓம் ஆகும்படி ஒரு காயிலின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸோடு சேர்த்து (இங்கே மாறிப்போனால் காயில்கள் ஒன்றையொன்று எதிர்த்து ஒலியே எழாது), எஞ்சிய இரு முனைகளை வெளியே கொண்டுவந்தேன். கழித்தது போக மீட்டர் 3.6 காட்டியது. அது அளப்பது நேர்மின்னோட்டத் தடையை மட்டுமே என்பதால், 4 ஓம் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) உள்ள சப்வூஃபரில் இப்படிச் சற்றுக் குறைவாகத்தான் வரும். அதன்பின் சிவப்பு விளக்கு எரியவேயில்லை.